திரைக்கு இந்தப் பக்கம்

ஊரே உடுத்திக்கொண்டு வரும் இடத்துக்கு வியர்த்த சட்டையோடு வயர் இழுக்கப் போவதுதான் நம் பிழைப்பு. ஸ்பீக்கர் தூக்கும் சக பாவிகளே, இது கித்தா ஆட்டத்தில் நான் பட்டது.

கை போதும்

உலு திராமில் ஒரு பஞ்சாபிக் கல்யாண வீடு. பெண்கள் மட்டும் வட்டமாக நின்று, ஒருத்தி பாட்டெடுக்க மற்றவர்கள் கைதட்டி ஆடுவது கித்தா. நானாகவே தட்டுத் தடுமாறித் தொழில் படித்தவன். ஆட்டமென்றால் மேளம் வேண்டுமே என்று பென்டிரைவில் ஏற்றிப் போயிருந்தேன். இரண்டு அடி விழுவதற்குள் மணப்பெண்ணின் பெரியம்மா பிரீத்தம் அக்கா ஓடிவந்தார். சிம்பாங் ரெங்கத்தில் நம் தமிழ் ஆட்களோடு வளர்ந்தவர்.

"அலமாக், அடைப்பா அதை! எங்க கையெல்லாம் வாடகைக்கா விட்டுட்டு வந்திருக்கோம்?"

சுவரைப் பார்த்து

ஆண்கள் பார்க்கக் கூடாதாம். சவுண்டு மிக்சர் பெட்டியோடு என்னைத் திரைக்குப் பின்னால், சுவரைப் பார்க்கத் தள்ளினார்கள். ராத்திரி வேலைக்காரனான எனக்கு வீட்டிலும் பகல் தூக்கமெல்லாம் திரைக்குப் பின்னால்தான், பழகிவிட்டது. ஒரு பாட்டுக்கு வட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. என்னவென்று திரையோரம் வந்த அக்காவிடம் கேட்டேன்.

"புருஷனுங்களைப் பத்தி லா. உன் வீட்டுல பாடாமயா இருப்பாங்க?"

ஒரு பாட்டு

அக்காவின் தங்கை ஜஸ்பீர்தான் மணப்பெண்ணின் அம்மா. தொண்டை ஆபரேஷனில் குரல் போய், காற்றுதான் மிச்சம். மகளை அனுப்புவதற்குள் தன் வாயால் ஒரு பாட்டு பாடிவிட வேண்டுமென்று தவித்துக்கொண்டிருந்தார். "அவ மைக்கைப் பிடிச்சா சத்தத்தை ஏத்திவிடுப்பா" என்றார் அக்கா. சரியென்று தலையாட்டிவிட்டேன். திரைக்குப் பின்னால் இருப்பவனுக்கு யார் பிடித்தார்கள் என்று எப்படித் தெரியும்? முன்கூட்டி ஏற்றினால் ஸ்பீக்கர் கூவும்.

திடீரென்று கைதட்டல் நின்றது. இதுதான் என்று ஒரேயடியாக ஏற்றினேன். ஸ்பீக்கர் கூவியது. பதறிப்போய்க் குறைத்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. என்னால் பயந்து மைக்கை வைத்துவிட்டாரோ? விரலால் மயிரிழை மயிரிழையாக மறுபடி ஏற்றினேன். மூச்சு கேட்டது. மூச்சுக்குள்ளிருந்து ஒரு பாட்டு வந்தது. தகரக் கூரையில் மழை போலத் தட்டிக்கொண்டிருந்த பெண்கள், அது மூழ்கிவிடாமல் விரல் நுனியால் தட்டுவது கேட்டது. யாரோ விசும்பியதும் மைக்கில் விழுந்தது. நான் திரும்பவில்லை, சுவர்தான் கலங்கித் தெரிந்தது.

வயர் சுருட்டும்போது ஜஸ்பீர் வந்து என் தோளைத் தொட்டார். காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"தம்பி, எம் மகளுக்குக் கேட்டுடுச்சு."

இத்தனை வருஷம் ஊர் காதைப் பிளந்ததற்குத் திட்டு வாங்கிய எனக்கு, ஒரு கிசுகிசுப்பை ஏற்றியதற்குத்தான் முதல் தடவையாக இரண்டு பொட்டலம் சப்பாத்தி கட்டிக் கொடுத்தார்கள்.