சிவபாதத்தைப் பாம்பு கடிக்கவில்லை

தொலைபேசி அடித்தால் ஊரில் குண்டு விழுந்த செய்தியோ என்று பயந்துதான் எடுக்கிறோம். அன்று வந்தது என் சிநேகிதர் சிவபாதம் செத்துப்போன செய்தி; அதுவும் பிழையாகவே வந்தது. "வளர்த்த பாம்பே கொத்திப்போட்டுதாம் அண்ணை" என்றார் சொன்னவர். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகும், உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்கு வந்தவர்கள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கையில் பல் பட்ட அடையாளத்தைத் தேடினார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. அவரைத் தெரிந்தவர்களுக்கென்று நான் சொல்லச் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். ஆனால் கண்ணால் கண்டதை நான் மறப்பதில்லை.

இங்கே, இந்தப் பனி நாட்டில், ரெக்ஸ்டேலில் பக்கத்து வீட்டுக்காரன் குடிபெயரும்போது கண்ணாடித் தொட்டியோடு விட்டுப்போன பாம்பு அது. வெங்கிணாந்தி, மலைப்பாம்பு இனம்; நஞ்சில்லை. பாவம் பார்த்துச் சிவபாதம் எடுத்து வளர்த்தார்.

அது உண்மையில் கடித்தது என்னைத்தான். பிறம்ரனில் கோழி வெட்டும் வேலை முடிந்து நேரே அவர் வீட்டுக்குப் போய், துணிவு காட்ட விரும்பித் தொட்டிக்குள் கையை விட்டேன். விரலைக் கவ்விக்கொண்டது. நான் கையை உதறப் போக, அவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"இழுக்காதையுங்கோ அண்ணை. பல்லு உள்பக்கம் வளைஞ்சிருக்கு, சதை கிழியும். பொறுங்கோ, அதுவே விடும்."

விட்டது. சவர்க்காரம் போட்டு, குழாய்த் தண்ணீரில் வெகுநேரம் பிடித்துக் கழுவினார். நஞ்சில்லாத பாம்புக்கு என்ன வைத்தியம் என்று நான் எரிந்து விழுந்தேன். "நஞ்சில்லாட்டிலும் கிருமி இருக்கு" என்று என்னை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் டெற்றனஸ் என்கிற ஏற்பு ஊசி போடுவித்தார். வழியில் சிரித்தார். "அது உங்களைக் கடிக்கேல்லை. உங்கட கையில இருந்த கோழியைத்தான் கடிச்சது."

ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய மச்சாள், நாகதம்பிரானுக்கு என்று செம்பில் பால் கொண்டுவந்து தொட்டிக்கு முன்னால் வைத்தார். சிவபாதம் செம்பை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். "உது பால் குடியாது மச்சாள். நாங்கள் தேத்தண்ணி போடுவம்." அதே மச்சாள்தான் மலர்ச்சாலையில் பாம்பு கொன்றுவிட்டது என்று ஒப்பாரி வைத்தார்.

ஆனால் என் ஆறாத கோபம் சிவபாதத்தின்மேல்தான். போன மாதம் தொட்டியை நகர்த்தியபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை. வைத்தியரிடம் போவோம் என்று எத்தனை தரம் கேட்டேன்! "வாய்வு அண்ணை. வேர்க்கொம்புத் தண்ணி குடிச்சாச் சரி." சுக்கைத்தான் சொன்னார். என் விரலுக்கு ஊசி போட என்னை இழுத்துப்போன மனிதர், தன் நெஞ்சுக்காக ஒரு பஸ் ஏறவில்லை.

செத்தவீடு முடிந்த அன்றே தொட்டியைப் பல்கனியில் பனிக்குள் வைக்கச் சொன்னார் மச்சாள். விடிவதற்குள் விறைத்துச் செத்திருக்கும். சிவபாதத்தின் மனைவி அழுதுகொண்டிருந்தார். பாம்பை ஒரு தலையணை உறைக்குள் விட்டுக் கட்டி, என் குளிர்ச்சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது அது என் அறையில், வேறொரு கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது. மருமகள் இதைக் கதவுக்கு வெளியே இருந்துதான் எழுதுகிறாள்.

அவரைத் தெரிந்த நீங்களாவது, கேட்பவர்களுக்குச் சரியாகச் சொல்லுங்கள். தொட்டியைத் திறக்குமுன் நான் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறேன். நெஞ்சு சற்று இறுகினாலும் வைத்தியரிடம் போகிறேன். அங்கே என் பெயரைக் கூப்பிடும்வரை காத்திருந்து, சிவபாதத்தை மனதுக்குள் ஏசிக்கொண்டிருக்கிறேன்.