பக்கத்தில் உட்காரும் பட்டன்

எண்பதுகளின் கடைசியில் உத்திரமேரூர் டைப்பிங் கிளாஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதில் எனக்கு ஜோடியாக உட்கார்ந்தவர் நெசவு வீட்டு அக்கா ஒருத்தர். கையில் ஜரிகைத் தூள் மின்னும். பட்டனைத் தொடுவதற்கு முன் விரலை முந்தானையில் துடைத்துக்கொள்வார். காலையில் தறி, மாலையில் கிளாஸ், நடுவில் படுத்த படுக்கையான மாமியார்.

கிளாஸில் சொல்லிக்கொடுத்த புரோகிராமிங்கை வைத்து அவரே அதில் ஒரு ஆட்டம் எழுதினார். வீரன் அரக்கனோடு சண்டை போடுவான். கூட வரும் பெண் மந்திரம் சொன்னால் வீரனுக்குப் பலம் இரட்டிப்பாகும். முதலில் அந்தப் பலம் குறையவே இல்லை; ஆட்டம் சப்பென்று இருந்தது. மூன்று அடியில் தீரும்படி மாற்றினார். நான் மறுபடி மறுபடி மந்திரம் போட்டேன். அதனால், போடும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் உயிர் குறையும்படி வைத்தார். நான் ஜெயித்தேன். அவள் செத்துப்போனாள்.

"அவளுக்கு யாருக்கா பலம் குடுப்பாங்க?" என்று கேட்டேன்.

அக்கா விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஆட்டத்தை நிறுத்தினார். மறுநாள் புதிதாக ஒரு பட்டன் வைத்திருந்தார்.

"இத்த அமுக்கினா வீரன் அவ பக்கத்துல உக்காருவான். அவளுக்கு உசுரு ஏறும். ஆனா அந்தத் தடவ அவன் அடிக்க முடியாது. அரக்கன்கிட்ட அடி வாங்கிக்கினுதான் உக்காரணும்."

"சண்டைய வுட்டுட்டு எவன்க்கா உக்காருவான்?"

"உக்காருவான்னு நம்பித்தான எழுதிகீறேன்" என்றார், என் பக்கம் திரும்பாமல்.

யாரை நினைத்துச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. அன்றைக்கு வீரனைத் தேவைக்கு மேலேயே உட்கார வைத்தேன்.