சொறிகிற கையால் எழுதிய நோட்டு

கம்பவுண்டர் வேலைக்கு மூளை பாதி இருந்தால் போதும்; கை மட்டும் இரண்டும் முழுசாக வேண்டும். எனக்கு அந்த இரண்டிலும்தான் கரப்பான் என்கிற அரிப்புப் புண் வந்தது. இதைப் படிக்கும்போதே விரலிடுக்கைச் சொறிந்துகொள்கிற அன்பர்களே, உங்களை நம்பித்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது வெறும் கதை.

கெடு

இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் போகிற வழியில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி. மருந்து கலக்குவதும் புண்ணைக் கழுவிக் கட்டுவதும் என் வேலை. டாக்டர் மதராஸில் படித்தவர். கோட்டுப் பைக்குள் கையை விட்டபடிதான் பேசுவார். துரைமாரிடம் கற்ற தோரணை என்று நினைத்திருந்தேன். அவருடைய சட்டம் ஒன்றுதான்: புண்ணைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கையைக் கிருமி கொல்லும் கார்பாலிக் தண்ணீரில் முக்க வேண்டும், சீழ் பிடிக்காமல் இருக்க அதுவே வழி. ஒரு தடவை முக்கச் சொன்னால் நான் இரண்டு தடவை முக்குவேன். அவ்வளவு விசுவாசம்.

பங்குனியில் என் விரல்கள் வெடித்து நீர் வடிய ஆரம்பித்தன. காலில் புண்ணோடு வந்த வண்டிக்காரர் ஒருவர் என் கையைப் பார்த்ததும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். டாக்டரும் அதைப் பார்த்துவிட்டார். "ஆடிப்பூரத் தேருக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். அதற்குள் உம்முடைய கை ஆறாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன்" என்றார். எனக்கு வேறு தொழில் தெரியாது. இருந்தாலும் டாக்டர் வைத்த கெடுவைவிட, வண்டிக்காரர் எழுந்து போகும்போது சொன்னதுதான் அதிகம் எரிந்தது:

"உம்ம கையே உம்ம மருந்துக்குக் கேக்கலை. என் காலு மட்டும் கேட்டுருமாக்கும்?"

சோத்துக் கை

சரி, எந்த மருந்துக்குத்தான் கேட்கும் என்று பார்த்துவிடுவது என்று வரிந்து கட்டினேன். ஆஸ்பத்திரியில் துத்தநாகக் களிம்பு இருந்தது. ஊரில் எல்லோரும் நம்புவது புங்க எண்ணெயை. இரண்டு கையிலும் கரப்பான் உள்ளவர்களாகப் பார்த்துப் பதினெட்டுப் பேரைப் பிடித்தேன். வலது கைக்குக் களிம்பு, இடது கைக்கு எண்ணெய். உடம்பு ஒன்று, மருந்து இரண்டு; எது வெல்கிறதோ அதை நோட்டில் எழுத வேண்டியது. பதினெட்டில் முதல் ஆள் நானே. நான் புரட்டிக் காட்டிய நோட்டை டாக்டர் எட்டிப் பார்த்து, "செய்யும்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறுதோறும் மாட்டுவண்டி பிடித்து ராஜபாளையம் போய், அங்குள்ளவர்களின் கையைப் பார்ப்பேன். சுப்பக்கா என்ற தெலுங்குக்கார அம்மாளின் வலது கை பத்தே நாளில் பட்டுப்போல ஆகியிருந்தது. இடது கையைப் பார்க்கவே சகிக்கவில்லை. 'களிம்புக்கு வெற்றி' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். குப்பி காலி. அந்தம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னதைக் கேட்டுவிட்டு, எழுதியதை அடித்தேன்:

"சோறு திங்கிற கை இருக்கையில பீச்சாங்கைக்கு எதுக்குய்யா அம்புட்டு எண்ணெய்? ரெண்டையும் இதுலயே தேச்சிட்டேன்."

பத்தியம்

பதினெட்டில் ஒருவரான தளவாய்புரத்துப் பட்டாளத்துக்காரர் பர்மா வரைக்கும் போய் வந்தவர். மருந்தை வாங்கிக்கொண்டவர், "என்னென்ன திங்கக்கூடாது?" என்று கேட்டார். "எல்லாம் தின்னலாம்" என்றேன். முகம் தொங்கிவிட்டது. மறுவாரம் மருந்தைத் திறக்கவே இல்லை என்று தெரிந்தது. காரணம் கேட்டதற்கு என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பத்தியம் இல்லாம என்னவே மருந்து? அப்ப அது வெளக்கெண்ணெய்தான?" என்றார்.

வேறு வழியில்லை. ஊரில் கரப்பான் பண்டம் என்று சொல்கிற கத்தரிக்காயையும் கருவாட்டையும் பதினெட்டுப் பேருக்கும் தடுத்தேன். ஆளுக்கு ஒரு நியாயம் கூடாதல்லவா, நானும் விட்டேன். கத்தரிக்காய் இல்லாத சாம்பார் எனக்குத் தண்டனைதான். மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். விரல் வெடிப்பு ஒன்றுகூட மூடவில்லை. ரசம் பட்டாலே எரிந்ததால் கரண்டியால் சாப்பிட்டேன். என் மனைவி அதைச் சில நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் கத்தரிக்காய்ப் பொரியலைக் கொண்டுவந்து எதிரே வைத்தாள்:

"நீங்க கத்தரிக்காயை விட்டு மூணு வாரம் ஆச்சு, கரப்பான் உங்களை விடலியே. பாவம், அதும்மேல எதுக்குப் பழி?"

சாயத்தொட்டி

மீரான் ராவுத்தர் ராஜபாளையத்தில் நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவருடைய கை என் கையைவிட மோசம். மகள் கல்யாணத்துக்காகப் பட்டறையை மூடிவிட்டுப் பதினைந்து நாள் வெளியூர் போனார். திரும்பி வந்தபோது இரண்டு கையும் பளிச்சென்று இருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்தக் கை முதலில் ஆறியது என்று நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். அவர் சங்கடத்தோடு, களிம்பையும் எண்ணெயையும் வீட்டு மாடத்திலேயே மறந்து வைத்துவிட்டுப் போனதைச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். ஆடிக்கு ஒரு மாதம்தான் பாக்கி. இந்த மனுஷர் இப்படிச் செய்துவிட்டாரே! அடுத்த ஞாயிறு போனேன். மீண்டும் சாயத்தொட்டி வேலையில் இறங்கியிருந்தார். விரலிடுக்கெல்லாம் சிவந்து அரிப்புத் தொடங்கியிருந்தது. இந்தத் தடவை இரண்டு மருந்தையும் மறக்காமல் போட்டிருந்தார். நான் நோட்டை மூடினேன். ராவுத்தர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்:

"தொட்டியில கைய விட்டேன், வருது. எடுத்தேன், போயிருச்சு. கம்பவுண்டரே, நீரு தெனமும் எந்தத் தொட்டியில கைய விடுதீரு?"

பீச்சாங்கை வைத்தியம்

ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்புகிற வழியெல்லாம் அந்தக் கேள்விதான் மண்டையைக் குடைந்தது. என் தொட்டி கார்பாலிக்தான் என்று டாக்டரிடம் சொன்னபோது அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கார்பாலிக்கைக் குறை சொல்வது பெற்ற தாயைக் குறை சொல்வது மாதிரி அவருக்கு. நான் பின்வாங்கவில்லை. "இரண்டு கைக்கும் ஒரே களிம்பு போடுகிறேன். இடது கையை மட்டும் கார்பாலிக்கில் முக்குகிறேன், புண்ணையும் அதாலேயே தொடுகிறேன். வலது கைக்குச் சோப்பும் வெந்நீரும்தான். அது புண்பக்கமே போகாது. பதினைந்து நாளில் நான் சொன்னது தப்பென்று ஆனால், தேர் வரைக்கும் காத்திருக்காமல் நானே போய்விடுகிறேன்" என்றேன்.

ஒரு கையால் கட்டுப் போடுவது எப்படி என்று கேட்காதீர்கள். துணியின் ஒரு முனையை நோயாளியே பிடித்துக்கொள்ள வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, இடது கையால் தொட்டதற்கு வாங்கிய வசவு கொஞ்சமா? அரிவாள் பட்டு வந்த சுப்பக்கா, தான் இடது கைக்குச் செய்த வஞ்சனையெல்லாம் மறந்து ஆஸ்பத்திரியே அதிரக் கேட்டாள்:

"ஏமய்யா, எனக்குப் பீச்சாங்கை வைத்தியமா? சோத்துக் கைய ஊறுகா போடவா வச்சிருக்கீரு?"

மேசைமேல்

பதினைந்தாம் நாள் இரண்டு கையையும் டாக்டர் மேசைமேல் வைத்தேன். இடது கையில் நீர் வடிந்துகொண்டிருந்தது. வலது கையில் ஒரு வெடிப்புகூட இல்லை. அவர் குனிந்து பார்த்தார். "உம்முடைய கை சரி. புண் சீழ் பிடித்தால் என்ன செய்வீர்?" என்றார். "துணியும் இடுக்கியும் கார்பாலிக்கில் கிடக்கட்டும், என் கை வேண்டாம். இடுக்கியால் பிடித்தே கட்டுகிறேன்" என்றேன். தேரோட்டமே தீர்ப்புச் சொல்லட்டும் என்று முடிவாயிற்று.

தேரன்று வடம் பிடித்து உள்ளங்கை உரிந்தவர்கள் வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் இடுக்கியாலேயே கட்டினேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஒருவர் புண் சீழ் பிடித்தாலும் என் வேலை போனதுபோலத்தான், அவர் கையும் பாழ். அடுத்த வாரம் ஒவ்வொருவராகக் கட்டுப் பிரிக்க வந்தார்கள். ஒரு கையிலும் சீழ் இல்லை. கடைசி ஆள் போனதும் டாக்டர் கதவைச் சாத்தினார். கோட்டுப் பையிலிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்து, என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். விரலுக்கு விரல் வெடிப்பு. என் பழைய கை எவ்வளவோ தேவலை. எத்தனை வருஷமாக மறைத்தாரோ! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"உம்முடைய நோட்டிலே எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கும்."

கரப்பானுக்கு எது மருந்து என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் யார் வந்து கையை நீட்டினாலும், எதைப் பூசினீர் என்று கேட்பதற்கு முன்னால் எதில் முக்கினீர் என்று கேட்கிறேன்.