செவலைக்குப் போடாத ஊசி

செவலையின் கழுத்துத் தோலுக்கு அடியில் சுண்டைக்காய் அளவில் ஏதோ ஒன்று உருண்டது. குளிப்பாட்டும்போது ஒட்டிக்கொண்ட மண்கட்டி என்று நினைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை, பக்கத்திலேயே இன்னொன்று விரலில் தட்டுப்பட்டது. பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. இதை இளமைக்கால நினைவு என்று எழுத உட்கார்ந்தால், "இவ பெரிய கெழவி" என்று அண்ணன் கேலி செய்கிறான். கேலி நியாயம்தான், நான் இன்னும் கல்லூரியைக்கூட முடிக்கவில்லை. ஆனால் அந்தக் கார்த்திகையில் நான் சொன்ன ஒரு பொய்யை இனிமேலும் வயிற்றுக்குள் வைத்திருக்க முடியாது.

அவனியாபுரத்தில் எங்கள் வீட்டுத் தொழுவத்தில் அம்மாவின் கறவைப்பசு, அதன் கிடாரி, அண்ணனின் ஜல்லிக்கட்டுக் காளை செவலை என மூன்று உருப்படி. அண்ணன் லேத் பட்டறைக்குப் போய்விடுவதால், செவலைக்குத் தீனி வைப்பதும் "தண்ணி காட்டுவதும்" என் வேலை. அந்த வருடம் அடைமழைக்குப் பிறகு ஈயும் கொசுவும் பெருகி, பக்கத்து ஊர் மாடுகளுக்கெல்லாம் உடம்பில் கட்டி கட்டியாகக் கிளம்பும் "தோல் கழலை" பரவியது. கடிக்கிற பூச்சிகள் ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குக் கொண்டுபோகும் நோய். வீடு வீடாக வந்து தடுப்பூசி போடுவார்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அண்ணனுக்கு வாடிவாசல்தான் கண்ணில் நின்றது. "ஊசியப் போட்டா காச்சல் வரும், கழுத்து வீங்கும், தெமிலு எறங்கிரும். பொங்க முடியட்டும், நானே கொண்டு போயிப் போட்டுட்டு வாரேன்" என்றான். காளை வைத்திருந்த பலரும் அப்படித்தான் நம்பினார்கள். ஊசிக்காரர்கள் வருகிற அன்று விடிந்ததும் செவலையைக் கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டினான். ஊரிலேயே கடிக்கிற ஈ அதிகம் மொய்க்கிற இடம் அதுதான் என்பது எங்கள் மூன்று பேருக்குமே உறைக்கவில்லை. பதில் சொல்ல என்னை வாசலில் நிறுத்தினான். "சின்னப் புள்ள சொன்னா நம்புவாக."

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா மருந்து வைத்த ஐஸ் பெட்டியோடு வந்தார். பசுவுக்கும் கிடாரிக்கும் கழுத்துத் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசி போட்டுவிட்டு, நோட்டைத் திறந்து, "அவ்வளவுதானா பாப்பா, வேற மாடு இருக்கா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர்" என்றேன். மூன்றாவது முளைக்குச்சியும் அதனடியில் ஈரச் சாணமும் அவர் எதிரிலேயே கிடந்தன. அவர் என் முகத்தைத்தான் பார்த்தார், பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். "பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது" என்று நாளைக்கு நாலு தரம் சொல்லும் அம்மா, அன்று வாயைத் திறக்காமல் தவிட்டைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டிகளை நான் கண்டுபிடித்த அன்று அண்ணன் பட்டறையில் இருந்தான். அம்மா செவலையின் உடம்பெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "ஓடு, அந்த டாக்டரக் கூட்டிட்டு வா" என்றாள்.

"என்னான்னு சொல்லிக் கூப்புடுறது?"

"உள்ளதச் சொல்லு."

கால்நடை ஆஸ்பத்திரி வரை ஓடினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பேச்சு அங்கே வரவில்லை; "இன்னொரு மாடு இருக்கு டாக்டர்" என்று மட்டும் சொன்னேன். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

டாக்டரம்மா காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, ஈ அண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அண்ணன் தன் கொசுவலையைச் செவலைக்குக் கட்டினான். வேப்பிலை மூட்டம் போட்டோம், வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவினோம். கட்டிகள் உடைந்தன, முன்னங்கால் வீங்கியது. அந்நியர் வந்தால் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கிற காளை, நான் நீட்டிய வாழைப்பழத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் படுத்தது, பிறகு எழுந்திருக்கவில்லை. அன்றைக்கே ஊசி போட்டிருந்தாலும் அது வேலை செய்ய நாளாகும் என்று டாக்டரம்மா சொன்னார். உண்மையைச் சொன்னாரா, என் அழுகையைப் பார்த்துச் சொன்னாரா, தெரியாது.

எங்கள் பக்கம் ஜல்லிக்கட்டுக் காளை செத்தால் மனிதருக்குச் செய்வதுபோல மாலை போட்டு, கொட்டடித்து, ஊர் கூடி எடுத்துப் போவார்கள். செவலைக்கு அது வாய்க்கவில்லை. ஈ மொய்த்தால் மற்ற மாடுகளுக்கும் பரவும், உடனே ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டி மூட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வாங்கி வந்த மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் தள்ளியே நின்றான்.

அந்தக் கருவேலங்காடு இப்போது இல்லை. பட்டறைகளும் குடோன்களும் வந்துவிட்டன. அண்ணன் அதற்குப் பிறகு காளை வளர்க்கவில்லை. ஊசி என்றால் முதல் ஆளாகப் பசுவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். டாக்டரம்மா இன்றும் வருகிறார். "நல்லாப் படிக்கிறியா பாப்பா?" என்று சிரித்த முகமாகத்தான் விசாரிக்கிறார். மாடு எத்தனை என்று என்னிடம் கேட்பதில்லை. தொழுவத்துக்குள் போய், தானே எண்ணிவிட்டு எழுதிக்கொள்கிறார்.