ஹேரின் திருத்திய விடை

என் அக்கா பியோன் ஹேரினுக்கு எதையும் பாதியில் விட்டுவிட்டு எழத் தெரியாது. சிறு வயதில் நூடுல்ஸ் பொட்டலத்தின் பின்பக்கத்தைக்கூடக் கடைசி வரி வரை வாசித்துவிட்டுத்தான் அடுப்பில் தண்ணீர் வைப்பாள். அதற்குள் எனக்குப் பசி போய்விடும். எங்கள் துறைமுக ஊரான மொக்போவின் மீன் சந்தையில் அம்மா ஊறவைத்த நண்டும் முட்டைக்கோஸ் கிம்ச்சியும் விற்றாள். அப்பா தீவுகளுக்குப் போகும் படகுகளில் இயந்திரம் பார்த்தார். எங்கள் வீட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்து பழகிய ஒரே ஆள் அக்காதான். மருந்தியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவளை விட அம்மாவுக்கு அந்த ஆசை அதிகம்.

பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். தெரியாத பிள்ளை இல்லை, நேரத்துக்குள் முடிக்கத்தான் வரவில்லை என்று.

முதல் முறை நுழைவுத் தேர்வு எழுதியபோது அது காலையிலேயே தெரிந்துவிட்டது. மொழிப் பகுதியில் எரிமலைச் சாம்பல் காற்றில் எப்படிப் பரவுகிறது என்று ஒரு நீண்ட பத்தி. அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு கேள்வி மட்டும் பிடிபடவில்லை. அதை விட்டு நகர மனமில்லாமல் மேலும் கீழும் வாசித்துக்கொண்டிருந்தாள். இன்னும் பத்து நிமிடம் என்று கண்காணிப்பாளர் சொன்னபோது மூன்று பத்திகளை அவள் தொடக்கூட இல்லை. அதன்பின் அன்று அவளுக்கு எதுவும் ஓடவில்லை.

மாலை பள்ளி வாசலில் அம்மாவும் நானும் நின்றிருந்தோம்.

"எப்படிடி இருந்துச்சு?"

"தெரிஞ்சதுதான் வந்துச்சும்மா."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"அதுக்குள்ள போயிடுச்சு."

"எது, பஸ்ஸா?" என்றாள் அம்மா. அக்கா முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டாள். வீடு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் போனது நேரம் என்று அம்மாவுக்குப் புரிந்தது.

அடுத்த ஆண்டு அக்காவை யோங்கின் நகரத்துக்குப் பக்கத்து மலையில் ஒரு பயிற்சி விடுதியில் சேர்த்தார்கள். வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அங்கே மாங் என்று ஒரு வாத்தியார் இருந்தார். அவர் பாடம் எதுவும் நடத்துவதில்லை. நேரத்தை மட்டும் நடத்துவார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். அக்கா ஒரு கேள்வியில் நின்றுவிட்டால் மேசையை விரலால் தட்டுவார்.

"மொதப் பார்வையில வழி தெரியலையா, வட்டம் போட்டுட்டுத் தாண்டிப் போ. அந்தக் கேள்வி என்ன உன் சொந்தக்காரனா? விட்டுட்டு வந்தா கோவிச்சுக்குவானா?"

சீக்கிரம் முடித்தவர்களையும் அவர் சும்மா விடுவதில்லை. "கையக் கட்டிட்டு உக்காந்திருக்கிற பாரு, அந்த நிமிஷத்துல இன்னொருத்தி உன்னத் தாண்டிப் போறா. முடிச்சாச்சா, தப்பத் தேடு. கெடைக்கலையா, திரும்பவும் தேடு."

முதல் இரண்டு மாதம் அக்கா கழிப்பறையில் போய் அழுதாளாம். பிறகு பழகிவிட்டது. எல்லாம் பழகிவிட்டது.

இலையுதிர்காலப் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தவள் வேறு ஆளாக இருந்தாள். நாங்கள் சாப்பிட உட்காரும்போது அவள் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். "பொண்ணைத்தான் அனுப்பி வச்சோம், எக்ஸ்பிரஸ் ரயில் திரும்பி வந்திருக்கு" என்று அப்பா சிரித்தார். அந்தக் கோடையில் படகு இயந்திரத்தில் அவருடைய சுண்டுவிரல் நசுங்கியிருந்தது. படிப்பு கெட்டுவிடுமே என்று அதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கட்டைப் பார்த்ததும் கேட்டாள்.

"வலிக்குதாப்பா?"

"அது என்னாச்சுன்னா, தீவுலேர்ந்து திரும்பி வர்றப்ப..."

"வலிக்குதா, இல்லையா?"

"இல்லம்மா."

"சரி" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அப்பா கொஞ்ச நேரம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு மட்டும் சந்தோஷம். "இந்தத் தடவை முடிச்சுடுவா பாரு" என்றாள்.

முடித்துத்தான் விட்டாள். இரண்டாம் முறை தேர்வில் மொழிப் பகுதியில் நேரம் மிஞ்சியது. கணக்கில் கொடூரமான இரண்டு கேள்விகளை வட்டம் போட்டுத் தள்ளிவிட்டு மற்றதையெல்லாம் போட்டாள். மதியம் அம்மா கட்டிக்கொடுத்த கஞ்சியைக் குடித்தாள். ஆங்கிலமும் நன்றாகப் போயிற்று.

கடைசிப் பகுதியில் அவளுக்கு இரண்டு அறிவியல் பாடங்கள், உயிரியலும் புவி அறிவியலும். ஒன்றன்பின் ஒன்றாக எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி நேரம். ஆனால் விடை குறிக்கும் அட்டை ஒன்றுதான். இரண்டாவது பாடத்தின் நேரத்தில் முதல் பாடத்தின் விடையைத் தொடவே கூடாது. தொட்டால் அது முறைகேடு, அன்று எழுதிய எல்லாமே செல்லாது. இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

புவி அறிவியலை முடித்தபோது அவளுக்கு நேரம் மிச்சமிருந்தது. அட்டையில் தப்பைத் தேடினாள். புவி அறிவியலில் தப்பு இல்லை. கண் பக்கத்து வரிசைக்குப் போயிற்று. உயிரியலில் ஒரு கேள்விக்கு மூன்றாம் விடை என்று நினைத்துக்கொண்டு நான்காம் கட்டத்தில் கறுப்படித்திருந்தாள். திருத்தும் டேப்பை எடுத்து நான்கை மறைத்தாள். மூன்றைக் கறுப்பாக்கினாள்.

விதி தெரியாமல் செய்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். மறந்து செய்தாள் என்பதும் சரியாக இல்லை. நான் கேட்டபோது அவள் சொன்னது இதுதான்: "கை பாட்டுக்குப் போச்சு. பேனாவ மூடி வச்ச பிறகுதான் என் கைன்னே தெரிஞ்சுது."

பின்னால் நின்றிருந்த கண்காணிப்பாளர் இளம்பெண், வேறு ஏதோ பள்ளியின் ஆசிரியை. குனிந்து மெதுவாகக் கேட்டாராம்.

"இப்ப எந்தப் பாடத்துலங்க திருத்துனீங்க?"

அக்கா நினைத்திருந்தால் புவி அறிவியல் என்று சொல்லியிருக்கலாம். அட்டையைப் பார்த்தால் கண்டுபிடித்திருப்பார்கள் என்பது வேறு. ஆனால் அவள் "மொதப் பாடத்துல" என்றாள். அந்த ஆசிரியையின் முகம் வெளுத்துவிட்டதாம். மணி அடித்ததும் அக்காவைத் தேர்வு அலுவலர்களின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

வெளியே எங்களுக்கு எதுவும் தெரியாது. பிள்ளைகள் எல்லோரும் வந்து, அம்மாக்களைக் கட்டிக்கொண்டு அழுது, சிரித்து, கலைந்து போனார்கள். பூ விற்றவள்கூடப் போய்விட்டாள். இருட்டிக்கொண்டு வந்தது. காவலாளி வாசலைப் பாதி சாத்தியபோதுதான் அக்கா வந்தாள்.

"ஏண்டி இவ்வளவு நேரம்?" என்றாள் அம்மா. "முடிச்சியா?"

"முடிச்சேம்மா. எல்லாத்தையும் முடிச்சேன்."

அம்மா அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மீதியை அக்கா அதன்பிறகுதான் சொன்னாள்.

அப்பா மறுநாள் கல்வி அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தார். அதிகாரி தேநீர் கொடுத்தார், மரியாதையாகப் பேசினார், விதி விதிதான் என்றார். அம்மாவின் கோபமெல்லாம் அந்தக் கண்காணிப்பாளர் மேல்தான். "அந்த நேரத்துக்கு அவ கண்ணு அவிஞ்சு போயிருக்கக் கூடாதா?"

"அவங்க வேலைய அவங்க செஞ்சாங்க. விடும்மா."

"நீ பேசாத. ஒரு பொய் சொல்ல உனக்கு வாய் வரல."

விடைகள் வெளியானதும் அக்கா எழுதியதை நினைவிலிருந்தே சரிபார்த்தாள். அந்த ஒரு கேள்வி தப்பாகவே இருந்திருந்தாலும் மருந்தியலுக்கு மதிப்பெண் போதும். இதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னாள். சொல்லும்போது குரலில் ஒன்றுமே இல்லை.

மறு ஆண்டு எழுதத் தடை இல்லை. அம்மா பிடிவாதமாக எழுதச் சொன்னாள். அக்கா நகர நூலகத்தில் உட்கார்ந்து படித்தாள். மாதிரித் தேர்வுகளில் நன்றாகவே செய்தாள். ஆனால் தேர்வு அறையில் அட்டையைத் தொடும்போதெல்லாம் கை எங்கே போகிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு விடையைக் குறிப்பாள், அதே கட்டம்தானா என்று பார்ப்பாள், எந்தப் பாடம் என்று பார்ப்பாள், மறுபடி பார்ப்பாள். மொழிப் பகுதியில் பாதி அட்டை வெறுமையாகவே போயிற்று. கணக்கு முடிந்ததும் போதும் என்று சொல்லி வெளியே வந்துவிட்டாள்.

நேராகச் சந்தைக்கு நடந்து வந்தாள். அம்மா நண்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"மத்தியானமே வந்துட்ட?"

"வந்துட்டேன்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஒரு கிண்ணத்தில் சோறு போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அடுத்த ஆண்டு நான் எழுதியபோது அம்மா பள்ளி வாசலுக்கு வரவில்லை. எனக்குக் கிடைத்த சாதாரணக் கல்லூரியை யாரும் கொண்டாடவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை.

அக்கா இப்போது வாண்டோ தீவில் கடற்பாசி காயவைக்கும் ஆலையில் இருக்கிறாள். முப்பதைத் தாண்டிவிட்டாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். போன நவம்பரில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அன்று தேர்வு நாள் என்பது எனக்கு நினைவில்லை. சாலையில் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் ஆகக்கூடாதென்று ஆலையும் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் திறந்தது. வாசலில் பெண்கள் காப்பிக் குவளையோடு குளிரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வருஷத்துக்கு ஒருநாள் எவன் வீட்டுப் பிள்ளையோ எழுதுது, நமக்கு ஒரு மணி நேரம் தூக்கம்" என்றாள் ஒருத்தி. "என் பரீட்சையில நான் தூங்கியே போயிட்டேன், வாத்தியார்தான் எழுப்பி விட்டார்." எல்லோரும் சிரித்தார்கள். அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "நீ எழுதினியா ஹேரின்?"

"இல்லக்கா, நான் எழுதவே இல்ல" என்றாள் அக்கா.

"தப்பிச்ச போ."

உள்ளே இயந்திரம் ஓட ஆரம்பித்தது. அக்கா தலையில் கூந்தல் வலையை மாட்டிக்கொண்டு அவர்களோடு உள்ளே போனாள்.