பட்டியல் வைத்திருந்த ஐயா

சேரங்கோட்டில் நல்ல மழை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஒதுங்கி பஸ்ஸுக்காக நிற்கிறேன். பக்கத்தில் நிற்கும் அம்மா, இளம் வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தவர். தாயகம் திரும்பியவர் என்று சான்று வாங்கத் தாலுகா ஆபீசுக்குப் போகிறார். அங்கே காட்ட, லேமினேட் செய்த ஒரு காகிதம் வைத்திருக்கிறார். அந்தத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருந்ததாக அவ்வூர் அரசு அலுவலரான கிராம சேவகர் கையெழுத்திட்டது.

"கையெழுத்துப் போட்ட இந்த ஐயாதான் தம்பி, கலவரத்தப்போ ஓட்டுப் பட்டியலப் பாத்துத் தமிழாளு வீடெல்லாம் கூட்டத்துக்குக் காட்டிக் குடுத்தாரு. எங்க வீட்டுக்காரர உள்ள வச்சே கொளுத்திட்டாங்க."

இனப்படுகொலைக்கு ராணுவம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு குமாஸ்தாவே போதும் போல.

"அவரு மேல கேஸ் போடலீங்களாம்மா?"

"போலீசுக்குப் போகத்தான் செஞ்சேன். அங்க குடியிருந்ததுக்கு அத்தாட்சி கேட்டாங்க. அத அந்த ஐயாதான் தரணும். இந்தியாவுக்குப் போகணும்னு பொய் சொன்னேன். சந்தோசமாப் போட்டுக் குடுத்தாரு."

"அப்புறம்?"

கையெழுத்தின் மேல் விழுந்த சாரலைச் சேலைத் தலைப்பால் துடைக்கிறார்.

"கேஸ் நடக்கல்ல தம்பி. நான் சொன்ன பொய்தான் நடந்துச்சு."