பாதி அட்டை மாத்திரை

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆவணி மழையில் நடந்தது. சிலமலையிலிருந்து தினமும் ஜீப்பில் மலைத் தோட்டத்துக்கு ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களில் நானும் ஒருத்தி. மழை நாளில் மாலைவரை ஈரப் பாவாடைதான். எனக்குப் பிறப்புறுப்பில் தாங்க முடியாத அரிப்பு, திரிந்த பால் மாதிரி வெள்ளைப்படுதல். உடம்புச் சூடு என்று நானே முடிவுகட்டி, வெந்தயத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். வாய் ஓயாமல் பேசுகிறவள்தான். இதை மட்டும் டாக்டரிடம் சொல்ல வெட்கம்.

கூட வேலை பார்க்கும் மதினியிடம் மட்டும் சொன்னேன். கல்யாணமாகி இரண்டு வருடம், பிள்ளைக்காக ஏங்கிக்கொண்டிருந்தவர். அவரும் வெள்ளைப்படுதலுக்குப் போடி ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கியிருந்தார். ஜீப்பில், மத்தியானக் குழம்பைப் பங்கு வைக்கிற மாதிரியே அட்டையைப் பாதியாகக் கிழித்து நீட்டினார்.

"இந்தா தின்னு. எனக்கு இப்பப் பரவாயில்ல."

எனக்கு அரிப்பு கூடியதுதான் மிச்சம். பத்து நாள் கழித்து மதினி ஏலச் செடிகளுக்கு நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடிவயிற்றில் வலி, கொதிக்கும் காய்ச்சல். உடனே போடி ஆஸ்பத்திரிக்கு இறக்கினோம்.

"மாத்திரைய முழுசாச் சாப்ட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். மதினி என்னைக் காட்டிக்கொடுக்காமல் ஆமாம் என்று தலையாட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"பாதிய நாந்தேன் தின்னேன் டாக்டரு" என்று போட்டு உடைத்தேன்.

இருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். எனக்கு இருந்தது பூஞ்சைத் தொற்று, அந்த மாத்திரை அதைக் கூட்டத்தான் செய்யுமாம். மதினிக்கோ உடலுறவில் பரவும் கிருமி. அரைகுறை மருந்தில் சாகாமல் கருப்பைவரை ஏறிவிட்டது. இன்னும் விட்டிருந்தால் பிள்ளை பெறும் வாய்ப்பே போயிருக்கலாம் என்றார்.

மதினியின் கணவரும் வந்து சேர்ந்தார். அவருக்கும் மருந்து என்றதும், "எனக்குத்தேன் ஒண்ணுமே இல்லையே" என்று அவர் முறுக்கினார். வெளியே தெரியாமலும் இருக்கும், மனைவி மட்டும் சாப்பிட்டால் திரும்ப வரும் என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

"அண்ணே, மொதல்ல மாத்திரையத் தின்னுங்க, மீசைய அப்புறம் முறுக்குவோம்" என்றேன். தின்றார்!

மதினி தேறிவிட்டார். இப்போது யாராவது என்னிடம் இந்தப் பேச்சை எடுத்தால், மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போய்விடுகிறேன். அரிப்பைப் பற்றியோ வெள்ளைப்படுதல் பற்றியோ பேச எனக்கு இன்று கூச்சம் துளியும் இல்லை. என் கூச்சத்தைக் காப்பாற்ற மதினி தன் மருந்தைக் கொடுத்தார், நானும் வாங்கித் தின்றேன் என்பதற்காக மட்டும்தான் இன்றும் வெட்கப்படுகிறேன்.